வெளியே எவ்வளவு குளிர்?

அந்தக் கட்டுப்பாட்டு அறையில் ஜன்னல் கிடையாது. ஆகாயத்தைக் கட்டி மேய்க்கிறவர்கள் வேலை நேரத்தில் ஆகாயத்தைப் பார்த்துத் தொலைக்கக் கூடாது என்பதில் அதைக் கட்டியவர்கள் உறுதியாக இருந்திருக்க வேண்டும். மங்கலான வெளிச்சம், வருடம் முழுக்க ஒரே ஏசி, வரிசையாக ரேடார் திரைகள், ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் காதில் கருவி மாட்டிய ஓர் ஆள். சுவரில் நிர்வாகம் ஒட்டிய சுவரொட்டி ஒன்று: ‘நீங்களே வானத்தின் கண்கள்!’ அதன் கீழ் மூலையில், ‘கண்ணுக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

தெற்குப் பிரிவின் திரைக்கு முன்னால் உட்காருகிறவரை எல்லோரும் அஞ்சுமைல்காரர் என்பார்கள். ஒரே உயரத்தில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஐந்து மைல் இருக்க வேண்டும். ஐந்து மைல் இல்லையென்றால் மேலும் கீழுமாக ஆயிரம் அடியாவது இருக்க வேண்டும். தொழில் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கு எழுதிய விளக்கவுரை. இருபத்தாறு வருடத்தில் அவர் கையில் ஐந்து ஒருமுறைகூட நாலே முக்கால் ஆனதில்லை. “அண்ணன் கேன்டீன் வரிசைலயும் முன்னாடி நிக்கிறவர்கிட்டேர்ந்து அஞ்சு மைல் தள்ளித்தான் நிப்பார். அதான் டீ ஆறிப்போனப்புறம் கிடைக்குது” என்பாள் வடக்குப் பிரிவுக்காரி. அவருடைய திரையிலிருந்து ஆறு நாற்காலி தள்ளி உட்காருகிறவள். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் படுசுத்தம்.

விமானிகளைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. “இஸ்திரி போட்ட டிரைவர்” என்பார். கீழேயிருந்து இவர் சொல்லும் உயரத்துக்கு ஏறி, இவர் சொல்லும் திசையில் திரும்பி, இவர் சொல்லும்போது இறங்கிவிட்டு, கடைசியில் பயணிகளின் கைதட்டலை வாங்கிக்கொள்வது அவர்கள். இதை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு மகள். அவள் விமானியானாள்.

மனைவிதான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். “ஊர்ல உள்ள டிரைவரையெல்லாம் திட்டினீங்களே, இப்ப வீட்டுக்கே ஒண்ணு வந்துட்டுது பாருங்க.”

மகளும் அப்போது சிரித்தாள். அதெல்லாம் மனைவி இருந்த காலம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், பெரிய விமானம் ஓட்டுவதற்கான பரீட்சைக்காக மகள் வெளிநாட்டுப் பயிற்சி நிலையம் ஒன்றில் இருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு. அந்த வாரத் திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் மருத்துவர் இவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, மனைவிக்கு இன்னும் சில நாள்தான் என்றார். இவர் கணக்குப் போட்டார். வெள்ளி மாலை தேர்வு முடியும். சனிக்கிழமை காலை மகள் வந்து இறங்கலாம். இப்போதே சொன்னால் பரீட்சையும் போய், இரண்டு வருட உழைப்பும் போய்விடும். சனிக்கிழமைவரை தாங்கும் என்று தீர்மானித்தார். எந்த இரண்டு விமானம் எந்த நிமிடத்தில் எங்கே குறுக்கிடும் என்று திரையை ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுகிறவருக்கு இந்த ஒரு கணக்கு பிசகியது. வெள்ளிக்கிழமை காலை மனைவி போய்விட்டாள். அன்று மாலை மகள் போன் செய்தாள்.

“அப்பா, பாஸ்! அம்மாகிட்ட குடுங்க போன.”

அதற்குப் பிறகு வீட்டில் மகள் இருந்த பத்து நாளும் அவரிடம் பேசவில்லை. பதினோராம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “எவனெவனுக்கோ நேரத்துக்குத் தகவல் சொல்றீங்க, எனக்குச் சொல்லத் தோணலல்ல?” நகரத்தின் மறுகோடியில் ஒரு வீடு எடுத்துப் போய்விட்டாள். இவர் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓயும்.

ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றே முக்காலுக்கு, காதுக்கருவியில் அந்தக் குரல் வந்தது. “தெற்குப் பிரிவு, வணக்கம். நாலு ஒண்ணு ஏழு, முப்பத்து மூவாயிரம் அடி.”

மகள்தான். தொழில் நாக்கில் ஊறிப்போனதல்லவா, அது பாட்டுக்குப் பேசியது. “நாலு ஒண்ணு ஏழு, ரேடாரில் தெரிகிறது. அதே உயரத்தில் வாருங்கள்.”

“அதே உயரம், நாலு ஒண்ணு ஏழு.”

அந்தத் தொழிலில் ஒரு கட்டாய விதி உண்டு. கீழேயிருந்து சொன்னதை மேலேயிருந்து அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் நிச்சயம். ஆக, ஒரு மகள் அப்பன் சொல்லை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிற ஒரே இடம் உலகத்தில் அந்த அலைவரிசைதான். விமானம் அவருடைய பிரிவைக் கடக்கப் பதினோரு நிமிடம். உள்ளே வரும்போது ஒன்று, வடக்குப் பிரிவுக்குப் போகும்போது ஒன்று, மொத்தமாக அவள் பேசுவது பன்னிரண்டு விநாடி. அதுவும் எல்லா நாளும் கிடைக்காது. இரண்டு விமானிகளில் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. கேப்டன் ஓட்டுகிற நாளில்தான் இவள் குரல். செவ்வாயும் வெள்ளியும் அந்த விமானம். இவர் செவ்வாயும் வெள்ளியும் மதிய வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றவர்களின் வார விடுமுறை, குழந்தை பள்ளி விழா, மாமியார் கண் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அவரே ஆளானார். அலுவலகமே அவரை வாழ்த்தியது. சிறந்த ஒத்துழைப்புக்காக ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதில் அவருடைய பெயரில் ஓர் எழுத்து குறைவு.

பன்னிரண்டு விநாடி போதவில்லை. போதாது என்று யாருக்கும் தெரியும்.

முதலில் ஆட்டம் இருக்கிறதா என்று விசாரித்தார். காற்றில் குலுக்கல் உண்டா என்று விமானிகளிடம் கேட்பது வழக்கம்தான், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். “ஆட்டம் இல்லை” என்றாள் மகள். அடுத்த வாரம் காற்றின் வேகம். அதற்கடுத்த வாரம் வெளியே எவ்வளவு குளிர் என்று கேட்டார். “மைனஸ் நாற்பத்தெட்டு” என்று பதில் வந்தது. வேறு எந்த விமானத்திடமும் அவர் வெளியில் குளிர்கிறதா என்று கேட்டதில்லை. மகளை அனுப்பிவைப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டார். திரையில் நீலக்கோடு ஒன்று இரண்டு பிரிவுக்கும் எல்லை. அதற்குப் பத்து மைல் முன்னாலேயே, “இனி வடக்கைக் கூப்பிடுங்கள்” என்று அலைவரிசை எண்ணைச் சொல்லி விமானத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அவர் எட்டு மைலில் சொன்னார். பிறகு ஐந்து. பிறகு கோட்டின் மேலேயே.

“அண்ணே, உங்க நானூத்திப் பதினேழு எனக்கு எப்பவும் லேட்டாவே வருது. என்ன, சீதனத்தோட அனுப்பறீங்களா?” என்று வடக்குக்காரி ஒருநாள் கேட்டாள். இவர் சிரித்து மழுப்பினார். அதில் பேசுவது மகள் என்று அந்த அறையில் எவருக்கும் தெரியாது. இருபத்தாறு வருடமாக விமானிகளைக் கேலி செய்த வாயால் அதைச் சொல்லவும் கூச்சம்.

சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை வடக்கே பெரிய மழைமேகம். மூன்றரைக்கு வடக்குக்காரி டீ டம்ளரோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். “அண்ணே, மேற்குலேர்ந்து ஒருத்தன் மேகத்தைச் சுத்திக்கிட்டு வரான், அவனும் முப்பத்து மூணாயிரம் அடி. உங்க நானூத்திப் பதினேழ இன்னிக்கு முன்கூட்டியே என்கிட்ட தள்ளிடுங்க. வந்ததும் ரெண்டாயிரம் இறக்கிடறேன்.”

“சரிம்மா. தள்ளிடறேன்.”

இதை அவள் தன் இடத்திலிருந்து உள்தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். அதில் பேசுவதெல்லாம் பதிவாகும். ஆனால் ஆறு நாற்காலி தூரத்துக்குத் தொலைபேசியா என்று, டீ டம்ளரோடு நடந்துவந்து காதோடு சொல்லிவிட்டுப் போவது அந்த அறையின் பழக்கம். எல்லா மேலதிகாரிகளுக்கும் தெரியும், ஒருவருக்கும் தெரியாது.

விமானம் வந்தது. மகளின் குரல். அன்றைக்கு அவள் கொஞ்சம் ஜலதோஷத்தோடு பேசினாள், மூக்கு அடைத்திருந்தது. சின்ன வயதில் ஜலதோஷம் பிடித்தால் அம்மா மடியைவிட்டு இறங்க மாட்டாள். மருந்து சாப்பிட்டாளா என்று கேட்க முடியாது. அப்படிக் கேட்பதற்கு அந்த அலைவரிசையில் வாக்கியம் இல்லை. “வெளியே எவ்வளவு குளிர்?” என்று கேட்டார்.

“மைனஸ் ஐம்பது.”

பத்து மைல் போயிற்று. எட்டு போயிற்று. நீலக்கோடு வந்தது. அவர் மறுபடி, “வெளி வெப்பநிலையை உறுதிப்படுத்துங்கள்” என்றார். தொலைபேசியில் வடக்கின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்தார். மகளின் பதில் அந்த நேரம் வந்துகொண்டிருந்ததால், ஆறு நாற்காலிக்கு அப்பால் இருப்பவளை நோக்கி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம்.

அந்த அறையில் குரல் உயர்த்தக் கூடாது. வடக்குக்காரி காதுக்கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினாள். “அண்ணே! அவன் திரும்ப மாட்டேங்கறான், பக்கத்துல மேகம்! நானூத்திப் பதினேழ விடுங்க!”

அப்போதுதான் அவர் திரையைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பார்க்கவில்லை. இரண்டு புள்ளிகளும் சிவப்பாக மாறியிருந்தன. “நாலு ஒண்ணு ஏழு, உடனே...” என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மகளின் குரல் குறுக்கே வந்தது. விமானத்துக்குள் இருக்கும் எச்சரிக்கைக் கருவி ஏறச் சொல்லிவிட்டது, ஏறுகிறோம் என்றாள். குரலில் பதற்றம் இல்லை. மூக்கடைப்பு மட்டும் இருந்தது.

மேற்கிலிருந்து வந்தவன் இறங்கினான், இவள் ஏறினாள். மிக நெருங்கியபோது இடையே இரண்டே முக்கால் மைல், முந்நூறு அடி. எவரும் சாகவில்லை. மகளின் விமானத்தில் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த பணிப்பெண் ஒருத்தி தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அஞ்சுமைல்காரர் எழுந்து, காதுக்கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தார். யாரும் அவரைப் போகச் சொல்வதற்கு முன்பே அவருக்குப் பதில் வேறொருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த வேலையில் நாற்காலி சூடு ஆறக் கூடாது.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர். தலைவருக்கு அலுவலகத்தில் ‘சுருக்கமா சார்’ என்று பெயர். “சுருக்கமா சொல்றேன்” என்று ஆரம்பித்தால் அடுத்த தேநீர் வரும்வரை நிறுத்த மாட்டார். விமானம் ஓட்டியதில்லை, ரேடார் முன்னால் உட்கார்ந்ததும் இல்லை. பாதுகாப்பைப் பற்றி மட்டும் பதினேழு கருத்தரங்குகளில் பேசியிருந்தார்.

விசாரணைக்கு முந்திய நாள் தொழிற்சங்கச் செயலாளர் அஞ்சுமைல்காரரை மாடிப்படிக்குக் கீழே ஓரங்கட்டினார்.

“கவலையே படாதீங்க. டேப்ப நான் கேட்டுட்டேன். உங்க பேச்சுல விதிமீறல் ஒண்ணு கூடக் கிடையாது. குளிர் கேட்டீங்களா? வானிலைத் தகவல் சேகரிப்பு! மேகம் இருந்த நாள் பாருங்க, பொருத்தமா இருக்கு.”

“முன்கூட்டியே அனுப்புங்கன்னு அவ என்கிட்ட சொன்னா.”

“யாரு? எங்க சொன்னா? பதிவு இருக்கா? நேர்ல வந்து காதுல சொன்னதுக்கு நாம பொறுப்பா? உங்களக் கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க. பொய் இல்ல. ஞாபகம்னா என்ன, யாரால அறுதியிட்டுச் சொல்ல முடியும்?”

“அப்ப அவ கதி?”

செயலாளர் முகத்தில் அனுதாபத்தை வரவழைத்துக்கொண்டார். “அவளும் நம்ம சங்கம்தான். அவளுக்கும் நான்தான் பேசப்போறேன். வேற மாதிரி.”

கூட்ட அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் குழு; எதிரே இவரும் வடக்குக்காரியும், அவர்களுக்குப் பின்னால் சங்கச் செயலாளர்; கோடியில் விமானத்தின் கேப்டனும் மகளும். பதினாலு மாதத்தில் மகளை முதல்முறையாகப் பார்த்தார். தோளில் பட்டைகள், கழுத்தில் டை, இஸ்திரி போட்ட சட்டை. கன்னம் ஒட்டியிருந்தது. அவள் தன் முன்னாலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப்பைப் போட்டார்கள். இரண்டு குரலும் அந்த அறையில் எல்லோர் முன்னாலும் பேசின. எவ்வளவு குளிர்? மைனஸ் ஐம்பது. உறுதிப்படுத்துங்கள். மைனஸ் ஐம்பது, உறுதி. காதுக்கருவியில் கேட்டபோது அவருக்கு அது ஒரு வாரத்துக்கான சாப்பாடு. இங்கே, பிஸ்கட் தட்டுகளுக்கு நடுவே கேட்கும்போது யாரோ ஓர் ஆள் ஒரு பெண்ணை வழிமறித்துத் தொணதொணப்பது போல இருந்தது.

“சுருக்கமா சொல்றேன்” என்றார் தலைவர். சொன்னார். கால் மணி நேரம் கழித்து விஷயத்துக்கு வந்தார். “எல்லாருக்கும் தெரிஞ்சுக்கணும்கற ஆர்வம் இருக்கறதில்ல. இவரு தானா முன்வந்து வெப்பநிலை கேட்டிருக்காரு, பாராட்டணும். ஒப்படைக்கறதுல கொஞ்சம் தாமதம், அது நடைமுறைல சகஜம். ஆனா வடக்குப் பிரிவு குறுக்க ஒரு விமானம் வர்றத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டும் தெற்குக்குத் தகவல் குடுத்ததா பதிவு இல்ல. ஏம்மா?”

“நேர்ல போய்ச் சொன்னேன் சார்” என்றாள் வடக்குக்காரி.

“பதிவு?”

“டீ டம்ளரோட போய்ச் சொன்னேன். டம்ளர வேணா கொண்டாரட்டுமா?”

“இது வேடிக்கை பண்ற இடம் இல்ல.” தலைவர் இவர் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு அப்படி ஏதாவது சொன்ன ஞாபகம் இருக்கா?”

செயலாளர் இருமினார். வடக்குக்காரி இவரைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாய் நீண்டவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை. திரைக்கு முன்னால் மறுபடி உட்காரலாம். செவ்வாய், வெள்ளி. பன்னிரண்டு விநாடி.

“சொன்னா. மூணரைக்கு வந்து சொன்னா. சரின்னு சொன்னேன்” என்றார் அஞ்சுமைல்காரர்.

“பிறகு ஏன் அனுப்பல?”

“அதுல பேசறது என் மக. குரலக் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

கேப்டன் பக்கத்திலிருந்தவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாதோ என்று கூரையைப் பார்த்தார்.

“புரியல” என்றார் தலைவர். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினார்.

“வீட்ல பேசறதில்ல சார். இதுலதான் பேசுவா. பேசியாகணும், விதி. அனுப்பிட்டா பேச்சு முடிஞ்சிடும். அதான் வெச்சுக்கிட்டிருந்தேன். ஆறேழு மாசமாவே கொஞ்சம் கொஞ்சமா வெச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு அவளுக்கு ஜலதோஷம். வடக்கு விளக்கு எரிஞ்சது தெரியும். விரலத் தூக்கிக் காட்டினேன்.”

குழுவின் எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு தவித்தார். படிவத்தில் காரணத்துக்கு ஐந்து கட்டங்கள்: பணிச்சுமை, களைப்பு, கருவிக் கோளாறு, பயிற்சிக் குறைவு, மற்றவை. “சார், ‘மற்றவை’ல போட்டுடட்டுமா?” என்று தலைவரிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

இடைவேளை விட்டார்கள். வடக்குக்காரி அவரைத் தாண்டிப் போகும்போது நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். “ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தா, நானே ரெண்டு நிமிஷம் விட்டுவெச்சிருப்பேனே அண்ணே, மேகம் இல்லாத நாள்ல” என்றாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கட்டடத்தின் பின்பக்கம், விமானிகளை அழைத்துப்போக வேன் நிற்கும் இடத்தில் மகள் தனியாக நின்றிருந்தாள். அவர் நாலு எட்டுத் தள்ளி நின்றார்.

“பணிப்பொண்ணப் போய்ப் பாத்தேன். கம்பெனியிலேர்ந்து வந்திருக்கேன்னு நினைச்சு நன்றி சொல்லுச்சு” என்றார்.

மகள் வேன் வரும் வழியைப் பார்த்தாள். “இந்த ரூட்ட மாத்திக் குடுங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன், தெரியுமா?” என்றாள்.

“தெரியாது.”

“உங்க குரல் வந்ததும் எனக்குப் பேச்சு தடுமாறும். உயரம் தப்பாச் சொல்லிடுவேனோன்னு முன்னாடியே தாள்ல எழுதி வெச்சுக்கிட்டுப் படிப்பேன். கேப்டன் சிரிப்பார், முதல் வருஷப் பசங்க மாதிரி இருக்கியேன்னு. நீங்க என்னடான்னா குளிரு கேக்கறீங்க. மைனஸ் அம்பதுல வந்து நீங்க என்ன போத்திவிடப் போறீங்களா?”

ஆறேழு மாதமாகத் தனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மகள் கொடுத்ததாக அவர் நினைத்திருந்தார். அவர் பறித்துக்கொண்டிருந்தார்.

“தப்புதாம்மா.”

“எது தப்பு? எதச் சொல்றீங்க?” அவள் இப்போது நேராகப் பார்த்தாள். “அந்த நாலு நாளு. அம்மா என்னக் கேட்டாங்களா?”

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று பதினாலு மாதமாக அவர் காத்திருந்தார். வராமலே போய்விட வேண்டும் என்றும் காத்திருந்தார்.

“கேட்டா.”

“எத்தன தடவ?”

“எண்ணல.” பிறகு, “பதினொரு தடவ” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“கிளம்பிட்டா, வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன்.”

“நாலு நாளுமா?”

“திங்கட்கிழமை, டிக்கெட் எடுத்துட்டான்னேன். செவ்வாய், ஏர்போர்ட்ல இருக்கான்னேன். புதன்கிழமை, விமானம் லேட்டுன்னேன். வியாழக்கிழமை... வழியில மேகம், சுத்திக்கிட்டு வருதுன்னேன்.”

“நம்பினாங்களா?”

“விமானம் எங்க இருக்குன்னு நான் சொல்லி உங்கம்மா எதத்தான் நம்பல? ஒவ்வொரு தடவயும் தலையத் தூக்கி வாரிவிடச் சொல்வா, நீ வந்தா பாக்க நல்லா இருக்கணும்னு.”

மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். டை காற்றில் தோளுக்கு மேலே பறந்தது. அதை இழுத்துவிட அவள் கை போகவில்லை. அவருக்குக் கை போனது, பாதியில் நின்றது.

“வெள்ளிக்கிழமை?” என்றாள், கைக்குள்ளிருந்து.

“வெள்ளிக்கிழமை காலைல கேக்கல. கதவையே பாத்துக்கிட்டிருந்தா.”

வேன் வந்து நின்று ஒருமுறை ஹாரன் அடித்தது. கேப்டன் ஏறிக்கொண்டார். டிரைவர் மறுபடி அடித்தார். கேப்டன் உள்ளேயிருந்து ஏதோ சொல்ல, அதற்கப்புறம் ஹாரன் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட டிரைவர்களைப் பற்றித் தான் சொன்னதில் ஒன்றிரண்டையாவது அன்றைக்கு அஞ்சுமைல்காரர் வாபஸ் வாங்கிக்கொண்டார், மனதுக்குள்.

“முழுசும் எனக்கு வேணும்” என்றாள் மகள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசினாங்க, யாரு வந்தாங்க. ஒண்ணு விடாம. இப்ப வேணாம், இப்ப என்னால நிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா?”

“இனிமே எல்லா நாளும் வீட்லதான்.”

“அங்க அலைவரிசையில என்கிட்ட பேசாதீங்க.”

“இனிமே பேச முடியாதும்மா.”

அவள் வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வேன் திரும்பிப் போகும்வரை அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரும் தாங்கியிருக்க மாட்டார்.

அறிக்கை ஆறு வாரம் கழித்து வந்தது, எழுபத்தெட்டு பக்கம். முன்னுரையில் தலைவரின் படம். வடக்குக்காரிக்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கை ஒன்றோடு போயிற்று. டீ டம்ளரோடு ஒருவர் இடத்துக்கு ஒருவர் போகக் கூடாது என்று அறையின் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். விமானிகளிடம் தேவையற்ற கேள்விகளைத் தவிர்க்கவும் என்று ஒரு புதிய சுவரொட்டியும் வந்தது. அஞ்சுமைல்காரரின் உரிமத்தைத் திரும்பப் பெற்று, ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாரநாள் வேலை, ஞாயிறு விடுமுறை. அந்த அறையில் ஜன்னல் இருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்கு அவர் அதன் வழியாகப் பார்க்கவில்லை. முப்பத்து மூவாயிரம் அடி உயரத்தில் போவதை எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தும் பயனில்லை என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும்.

விசாரணை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே சவரம் செய்து, போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு, மனைவியின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். வரவில்லை. மாலை விளக்குப் போட எழுந்தார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் வரவில்லை. தானே கூப்பிட விரல் போனது, இழுத்துக்கொண்டார். அவள் நேரம் அவளுடையது என்பதை இந்த ஒரு தடவையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட நாட்களில் ஒரு பழைய நோட்டில் அந்த நாலு நாளையும் எழுதிப் பார்த்தார். இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி அரை டம்ளர் பால் குடித்தாளா, கால் டம்ளரா என்பதில் அரை மணி நேரம் நின்றார். கால் டம்ளர்தான். அரை என்று எழுதியதை அடித்தார்.

மூன்றாவது ஞாயிறு, பதினொன்றரைக்குப் போன் மணி அடித்தது.

“சொல்லுங்க” என்றாள்.

எப்படி இருக்கிறாய், ஜலதோஷம் போயிற்றா, சாப்பிட்டாயா என்று ஏழெட்டுக் கேள்விகள் அவர் தொண்டை வரைக்கும் வந்தன. கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

“திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு” என்று அவர் ஆரம்பித்தார், “டாக்டர் என்ன வெளிய கூப்பிட்டார். அப்ப உங்கம்மா முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தா.”